இல்லாத டாங்கிக்கு ஒரு தலை

கேளம்பாக்கம்
14 செப்டம்பர் 2025

பானு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். விவாகரத்து மனு போட்டபிறகு அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. வக்கீலைக் கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய், அதனால் கடிதம். கூடவே ஒரு பெட்டியும் வருகிறது. திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

போன வாரம் கண்காட்சி நடத்துகிற ஏசுதாஸ் சார் பேசினார். பிப்ரவரி 22ஆம் தேதி சென்னையில் பிளாஸ்டிக் மாடல் கண்காட்சி. 'இல்லாத வண்டிகள்' பிரிவில் நாம் முன்னே கொடுத்த பெயர் அவருடைய நோட்டில் அப்படியே இருக்கிறதாம்: ஜெயக்குமார், பானுமதி, கடலிலிருந்து கரையேறும் டாங்கி. "இந்த வாட்டியாவது கொண்டாருவீங்களா, இல்ல பேர மட்டும் குடுத்துகினே இருப்பீங்களா?" என்று கேட்டார். நம் விஷயம் அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொண்டுவருகிறோம் சார் என்று சொல்லிவிட்டேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். 1973இல் நம் ராணுவம் கடலில் நீந்தி வந்து பெரிய பீரங்கியால் சுடுகிற வண்டி ஒன்று கேட்டிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினோம். அப்படி ஒரு வண்டி எந்த பிளாஸ்டிக் கிட் பெட்டியிலும் வராது. உடம்புக்கு ரஷ்ய மிதக்கும் டாங்கி கிட், பீரங்கி இருக்கிற தலைக்கு பிரிட்டிஷ் செஞ்சூரியன் டாங்கி கிட், பக்கத்து மிதவைகளுக்கு ஒரு படகு கிட் என்று மூன்றையும் வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தோம். அங்கேயே இருந்தன.

உடம்பும் படகும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. தலையை நான் செய்கிறேன். இரண்டாவது வாய்தா பிப்ரவரி 11. அதற்குள் முடித்துவிடலாம். "ஆறு மாசம் இருக்கு, நல்லா யோசிங்க" என்று நீதிபதி அம்மா சொன்னாரே. சும்மா உட்கார்ந்து யோசிக்க எனக்கு வரவில்லை. கையில் ஒரு வேலை வேண்டும்.

விருப்பம் இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஜெய்


மாமல்லபுரம்
21 செப்டம்பர் 2025

ஜெய்,

பெட்டியைக் கிஷோர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினான். "இன்னாக்கா, ஜீவனாம்சம் பார்சல்ல வருதா?" என்றான். தம்பியாகப் போய்விட்டான், அடிக்கவில்லை.

செஞ்சூரியன் ஐம்பது டன் வண்டி. மிதக்கிற வண்டியோ பதினான்கு டன். அந்தத் தலையைத் தூக்கி இந்த உடம்பின்மேல் வைத்தால் தண்ணீரில் இறங்கின உடனே முழுகிவிடும். இதை அன்றைக்கே சொன்னேன், நீ கேட்கவில்லை. நான் படகுக்காரர் மகள். எதில் எவ்வளவு ஏற்றினால் எவ்வளவு அமுங்கும் என்று பார்த்தவுடன் சொல்வேன். மிதவைகளை இரண்டு பங்கு அகலமாக்கப் போகிறேன். அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் மிதக்கும்.

உனக்காகச் செய்வதாக நினைக்காதே. இந்த வண்டி என்னுடைய யோசனை. பெயர் கொடுத்த ஃபாரத்தில் உன் பேரை முதலில் எழுதிக்கொண்டாய், அவ்வளவுதான்.

மற்றபடி யோசிக்கச் சொன்னார்கள் என்கிறாய். நான் எல்லாம் யோசித்துவிட்டேன். நீ மறந்திருந்தால் ஒரு முறை எழுதிவிடுகிறேன், உன்னிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

2023 மார்கழியில் என் அப்பா கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். நீ மத்தியானம் வந்தாய். கையில் ஒரு மாலை. எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் சம்பந்தி வீட்டார் கோடித்துணி எடுத்துவந்து உடம்பின்மேல் போட வேண்டும். ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "சிங்காரம் மருமவன் வூட்டுக் கோடி" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். நீ மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கடைசியில் கிஷோர் உள்ளே ஓடி, அப்பாவுக்குப் பொங்கலுக்கென்று எடுத்து வைத்திருந்த வேட்டியைக் கொண்டுவந்து உன் வீட்டுப் பேரில் போட்டான். கூடி இருந்த அத்தனை பெண்களும் செத்தவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்று கேட்டேன். "அப்பா ஒத்துக்கல பானு" என்றாய். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு உன்னோடு இன்னும் ஆறு மாசம் இருந்து பார்த்தேன். என்னால் ஆகவில்லை.

பிளாஸ்டிக் ஒட்டுகிற மஞ்சள் பசை உன்னிடமா, என்னிடமா? இங்கே இருப்பது காய்ந்துவிட்டது.

பானுமதி


கேளம்பாக்கம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள பானு (அடிக்கவில்லை),

பசை இந்தப் பார்சலில் இருக்கிறது. இறுக்கி மூடிவை, நீ எப்போதும் மூட மாட்டாய்.

நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். நம் கல்யாணத்துக்கே வராதவர். இரண்டு வருஷம் என்னோடு பேசாதவர். செங்கல்பட்டுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் நம் வீட்டுக்கு வராமல் அப்படியே ஊருக்கு பஸ் ஏறுகிறவர். நான் இடையில் மாட்டிக்கொண்டேன். இதற்குமேல் எழுதினால் சால்ஜாப்பு மாதிரி ஆகிவிடுகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

வேலைக்கு வருகிறேன். தலையின் அடிக் கழுத்தை வெர்னியர் அளவுகோலில் மூன்று முறை அளந்தேன், விட்டம் 53.6 மில்லி. உடம்பின் மேல்பக்க ஓட்டை கிட் வரைபடத்தின்படி 51.4. இரண்டு மில்லிக்குமேல் உதைக்கிறது. கழுத்தை அராவிச் சிறிதாக்கலாம், அல்லது நீ ஓட்டையைப் பெரிதாக்கலாம். கழுத்து மெல்லியது, அராவினால் விரிசல் விட வாய்ப்பு இருக்கிறது. உடம்பு கெட்டியாக இருக்கும் என்பதால் நீ பெரிதாக்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம்தான்.

கண்காட்சியில் வண்டிக்குப் பக்கத்தில் வைக்க அதன் சரித்திரத்தை ஒரு அட்டையில் எழுத வேண்டும். நடக்காத சரித்திரம். நீதான் நன்றாகப் பொய் எழுதுவாய், ஆரம்பித்து அனுப்பு.

ஜெய்


மாமல்லபுரம்
12 அக்டோபர் 2025

ஜெய்,

நான் நன்றாகப் பொய் எழுதுவேனா? சரி, எழுதிவிட்டேன். பார்:

"1974 ஏப்ரலில் கடப்பாக்கம் கடற்கரையில் இவ்வண்டி சோதிக்கப்பட்டது. ஆலம்பரைக் கோட்டைச் சுவரின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த மீனவர்கள் 'சார், முழுகிடும் சார்' என்று கூறியதை அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. முதல் வண்டி முழுகியது. இரண்டாவது வண்டியின் மிதவைகளை அம்மீனவர்களே அளந்து கொடுத்தார்கள். அது மிதந்தது. கோப்பு டெல்லிக்கு அனுப்பப்பட்டது. பதில் வரவில்லை."

ஓட்டையை நான் பெரிதாக்க மாட்டேன். என் உடம்பின் மேல்பலகை ஏற்கனவே மெல்லிசு, அதில் மிதவையின் பாரம் வேறு. நீயே கழுத்தை அராவிக்கொள். எதற்கெடுத்தாலும் 'நீ செய்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.' ஒன்பது வருஷமாக உன் அபிப்பிராயத்துக்கு இடம் விட்டு இடம் விட்டு எனக்குள்ளேயே ஓட்டை பெரிதாகிவிட்டது.

உன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். என்ன தெரியும்? கல்யாணத்துக்கு வரவில்லை, தெரியும். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னது. பொங்கலுக்கு நம்மைக் கூப்பிடவில்லை என்று சொன்னாய். உன் தங்கை விஜயகுமாரி வளைகாப்புக்கு நான் வந்தால் சங்கடம் என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். அந்த மனுஷரை நேரில் பார்த்தது நாலு தடவை இருக்கும். நாலு தடவையும் "நல்லா கீறியாம்மா?" என்றார், நான் "கீறேன் மாமா" என்றேன். முகத்துக்கு நேரே அதட்டியிருந்தால்கூட சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

கழுத்தை அராவு. முடியாவிட்டால் ஏசுதாஸ் சாரிடம் உண்மையைச் சொல்லிவிடு.

பானுமதி


கேளம்பாக்கம்
26 அக்டோபர் 2025

அன்புள்ள பானு,

அராவிவிட்டேன். நாலு நாள் ஆனது. ஷிப்ட் முடிந்து வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி. இப்போது 51.2 மில்லி. உன் ஓட்டையில் கச்சிதமாக உட்காரும். விரிசல் விடவில்லை. விட்டிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் ஆரம்பித்தேன்.

தலையை உனக்கே அனுப்புகிறேன். பொருத்திப் பார்த்துச் சொல்.

உன் அட்டையை நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். 'சார், முழுகிடும் சார்' என்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெய்


மாமல்லபுரம்
26 அக்டோபர் 2025

ஜெய்,

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். வாய் அப்படி, உனக்குத் தெரியும்.

ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டேன். 53.9. உள்பக்கம் ஒரு பட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன், பலகை வளையாது. அதற்குள் உன் தலையை அப்படியே வைக்கலாம். கழுத்தில் கை வைக்காதே, அது உடைந்தால் வேறு கிட் கிடைக்காது.

உடம்பை இந்தப் பெட்டியில் அனுப்புகிறேன். மிதவைகள் இன்னும் பெயின்ட் ஆகவில்லை. பூப்போல எடு.

பானு


மாமல்லபுரம்
4 நவம்பர் 2025

ஜெய்,

உன் தலை இங்கே வந்துவிட்டது. என் உடம்பு அங்கே வந்திருக்கும். நான் அளந்துவிட்டேன், நீயும் அளந்திருப்பாய். கழுத்து 51.2. ஓட்டை 53.9. முதலில் தலை பெரிசு, இப்போது ஓட்டை பெரிசு.

இரண்டு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை விட்டுக்கொடுத்திருக்கிறோம். அம்மா என்னடி சிரிக்கிறாய் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். "இத்தினி நாளு இந்தப் புத்தி எங்க போச்சி ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்.

பிளாஸ்டிக் பட்டையில் ஒன்றேகால் மில்லி கனத்துக்கு ஒரு வளையம் செய்து கழுத்தில் சுற்றினால் சரியாகிவிடும். பெரிய வேலை இல்லை. ஆனால் தலையும் உடம்பும் ஒரே மேஜையில் இருந்தால்தான் செய்ய முடியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஒரே தடவைதான் கேட்பேன்.

டிசம்பர் 18 வியாழக்கிழமை அப்பாவுக்கு இரண்டாம் வருஷத் திதி. குப்பத்தில் எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு நீ ஒரு வேட்டி துண்டு எடுத்துக்கொண்டு வா. செத்தவர்மேல் போட வேண்டியது, இப்போது படத்துக்கு முன்னால்தான் வைக்க முடியும். எங்கள் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்கள், கேட்டுவிட்டேன். உன் அப்பா வர வேண்டாம். நீ மட்டும் வந்தால் போதும். ஒளிந்து வராதே. பொண்டாட்டி வீட்டுக்கு வருகிற மாதிரி வா, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு.

அதைச் செய்தால் மறுநாளே வக்கீலிடம் போய் மனுவை வாபஸ் வாங்கச் சொல்கிறேன். அப்பா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.

பானு


கேளம்பாக்கம்
10 நவம்பர் 2025

என் பானு,

வருகிறேன்.

வேட்டி எடுத்துவிட்டேன், மயில்கண் கரை போட்டது. மாமாவுக்கு அந்தக் கரைதான் பிடிக்கும், ஞாபகம் இருக்கிறது. உடம்பை அட்டைப்பெட்டியில் பஞ்சு சுற்றி எடுத்துவருகிறேன். சாப்பிட்டுவிட்டு வளையத்தைச் செய்துவிடலாம். அன்றைக்கே பொருத்திவிடலாம்.

இன்றைக்கு வீட்டைக் கழுவிவிட்டேன். உன் டேபிள் விளக்குக்கு பல்பு மாற்றினேன். இன்னும் நிறைய எழுத வேண்டும் போல இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை.

உன் ஜெய்


மாமல்லபுரம்
20 டிசம்பர் 2025

ஜெய்,

நீ போன பிறகு இரண்டு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ வந்தாய். ஒன்றும் குறையில்லை. வேட்டியைத் தாம்பாளத்தில் வைத்துத் தெருமுனையிலிருந்து நடந்தே வந்தாய். "மருமவன் வந்துட்டாரு, வயி வுடுங்க" என்று குப்பத்து ஜனம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாய். அம்மா உன் தலையில் கை வைத்தாள். பந்தியில் கிஷோர் பக்கத்தில் உட்கார்ந்து, சுறாப்புட்டு இரண்டாம் முறை வாங்கினாய். "மாப்ள இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று அம்மா சொன்ன குரல் அப்பா போன பிறகு நான் கேட்காத குரல்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனாய், நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தேன். பின்பக்கம் பைப்படியில் நின்று உன் அப்பாவோடு போன் பேசிக்கொண்டிருந்தாய்.

"டூட்டில கீறேம்பா. இன்னைக்கி ஆடிட்டு நடந்துகினு கீது. வூட்டுக்குப் போய்ப் பேசறேன்."

உன் சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொண்டாயா? அவர் வீடியோவில் கேட்டால் காட்டுவதற்கா?

திரும்பி என்னைப் பார்த்தாய். உன் முகம் செத்துப்போயிற்று. "பானு, அது வந்து..." என்றாய். சொம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒளிந்து வராதே என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நூறு பேருக்கு முன்னால் வந்துவிட்டு, ஒரே ஒருத்தருக்கு ஒளிந்துகொண்டாய். என் அப்பா திதிக்கு வந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு நாங்கள் என்ன, திருட்டு ஜனமா?

அம்மாவிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு டூட்டி, அதனால்தான் உடனே கிளம்பிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். உன் பொய்யை நானும் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

பானுமதி


கேளம்பாக்கம்
28 டிசம்பர் 2025

பானு,

நியாயம் எல்லாம் உன் பக்கம்தான். ஆனால் ஒரு நிமிஷம் கேள்.

அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது. போனில் சொன்னால் கத்துவார், அவர் கத்துவது உங்கள் வீட்டு ஆட்கள் காதில் விழும், திதி அன்றைக்கு ரகளை வேண்டாம் என்று நினைத்தேன். நிதானமாகப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். உனக்கு அவரைத் தெரியாது பானு. அவரையும் உன்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் என்ன ஆகுமோ என்று ஒன்பது வருஷமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன்மேல் ஒரு சொல் விழக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் நானே தாங்கிக்கொண்டேன்.

வளையத்துக்குப் பிளாஸ்டிக் பட்டை வெட்டி வைத்திருக்கிறேன். உடம்பு உன் வீட்டில்தானே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வாசலோடு நின்றுவிட்டுப் போகிறேன்.

ஜெய்


மாமல்லபுரம்
11 ஜனவரி 2026

ஜெய்,

வர வேண்டாம்.

அவரைத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். தெரிந்துகொள்ள எனக்கு யார் வழி விட்டார்கள்? போகட்டும். உன் அப்பாவோடு போட்டி போட்டு ஜெயிக்க இனிமேல் எனக்குத் தெம்பு இல்லை. அவர் மகனை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 11 காலை பத்தரைக்கு செங்கல்பட்டு கோர்ட்டில் பார்க்கலாம். நான் கையெழுத்துப் போட வருகிறேன்.

பானுமதி


கேளம்பாக்கம்
14 பிப்ரவரி 2026

பானு,

மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாமல்.

"சேந்து வாழ வாய்ப்பே இல்லையா?" என்று நீதிபதி அம்மா கேட்டார். நீ இல்லை என்றாய். என்னைக் கேட்டபோது நானும் இல்லை என்றேன். இருக்கிறது என்று சொல்லத்தான் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ நெற்றியில் பொட்டு சின்னதாக வைத்திருந்தாய். அதைப் பார்த்ததும் வந்த வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

ஏசுதாஸ் சாரிடம் சொல்லிவிட்டேன். "சரி தம்பி, அந்த எடத்தக் காலியா வுட்டுடறேன்" என்றார்.

அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மனு போட்டதே தெரியாது. தனியாக இருக்கும் உன் அம்மாவுக்குத் துணையாக நீ ஊரில் இருக்கிறாய் என்றுதான் ஒன்றரை வருஷமாகச் சொல்லிவைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். அவருக்கு ஒன்றும் வருத்தம் இருக்காது. அவர் ஆசைப்பட்டதுதானே.

தலையும் உடம்பும் உன்னிடமே இருக்கட்டும். நீயே பொருத்திவிடு.

ஜெயக்குமார்


மாமல்லபுரம்
8 மார்ச் 2026

ஜெய்,

உன் அப்பா இங்கே வந்திருக்கிறார். கூடத்தில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவர் கிளம்புவதற்குள் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும், அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

பதினொரு மணிக்கு வந்தார். செங்கல்பட்டிலிருந்து பஸ். "கட்டுமரம் சிங்காரம் வூடு எது?" என்று தெருமுனையிலிருந்து கேட்டுக்கேட்டு வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். மஞ்சள் பையில் ஒரு வேட்டி துண்டு, அம்மாவுக்கு ஒரு புடவை. "சம்மந்தியம்மா, கண்ணாயிரம் வந்து கீறேன். லேட்டா வந்து கீறேன்" என்றார். அம்மா கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். அவர் துணியை அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அந்த வயசில் தரையில் விழுந்து கும்பிட்டார். கிஷோர் தூக்கிவிட்டான்.

நான் அடுப்படி வாசலில் நின்றேன். ரெண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் அவர் முகத்துக்கு நேரே கொட்டிவிடத்தான் வெளியே வந்தேன். கொட்டினேன். "கோடி போடக்கூடாதுன்னு சொன்ன வாய்தான மாமா இது?" என்று கேட்டேன். உன் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்யாணத்துக்கு வேணான்னு சொன்னவன் நான்தாம்மா. அது வாஸ்தவம். ரெண்டு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசல, அதுவும் வாஸ்தவம். சாவுக்கு வேணான்னு நான் எப்பம்மா சொன்னேன்? சேதி கேட்டதும் சொக்கா மாட்டிகினு கெளம்பி நின்னேன். அவன்தான், 'நீ வராதப்பா, அவுங்க ஜனம் உம்மேல கோவமா கீது, ரகளையாவும்'னான். கோடியாவது எட்துனு போடான்னேன். அவுங்ககிட்ட அந்தப் பயக்கமே இல்லப்பான்னான். கடலோரத்து சனம், நமக்கு இன்னா தெரியும்னு நம்பிட்டேன்."

பொங்கலைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டாராம். மருமகளுக்கு லீவு இல்லை என்று நீ சொல்வாயாம். வளைகாப்பைக் கேட்டேன். உன் தங்கை எனக்கென்று வாங்கிய வளையல் இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். நம் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீ வந்தா அவளுக்குப் புடிக்காதுப்பான்னு சொன்னாம்மா" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோர்ட்டு விஷயத்தை நீ போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாயாம். "அவ புடிவாதம்பா" என்றாயாம். பாவம், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு, மனம் மாறச் சொல்லிக் கூட்டிப்போக வந்திருக்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது மாமா, கோர்ட்டு தீர்ப்பே கொடுத்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். அதைக்கூட நீ முழுசாகச் சொல்லவில்லை.

இப்போது சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். அம்மா வஞ்சிரம் வறுத்துப் போடுகிறாள். முள் எடுக்கத் தெரியாமல் தடுமாறுகிறார், கிஷோர் எடுத்துக்கொடுக்கிறான். அம்மா நெத்திலி கருவாடு காய வைக்கிற விதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவர் ஏரி மீனைப் பற்றி ஏதோ சொல்கிறார். ஒரு ரகளையும் இல்லை. நீ ஒன்பது வருஷம் பயந்தது இதற்குத்தான் ஜெய். வந்து பார்த்திருக்கலாம்.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரிடம் என்னைப் பற்றியும் என்னிடம் அவரைப் பற்றியும் மாற்றி மாற்றிச் சொல்லி, இரண்டு பக்கமும் சண்டை வராமல் பார்த்துக்கொண்டதாக இன்றைக்கும் நீ நம்புகிறாய். சண்டை வந்திருந்தால் இரண்டு நாள் கத்தியிருப்போம், மூன்றாம் நாள் சோறு போட்டிருப்பேன்.

தலையையும் உடம்பையும் ஒரே பெட்டியில் வைத்து அவரிடம் கொடுக்கிறேன். பொருத்தவில்லை. நீயும் பொருத்த வேண்டாம், யாராவது கேட்டால் கொடுத்துவிடு.

உன் அப்பாதான் நமக்கு நடுவில் நிற்கிறார் என்று நினைத்து அந்த மனுஷரை இத்தனை வருஷம் சபித்துவிட்டேன். வாய்விட்டுச் சபித்திருக்கிறேன், விளக்கு வைத்தும் சபித்திருக்கிறேன். அவர் அங்கே இல்லவே இல்லை. நமக்கு நடுவில் நின்றது நீதான் ஜெய். நான் அழ வேண்டியது யாரிடம் போய்?

பானுமதி